இரண்டாம் முனையின் வெற்றிலை

செமர்லாங் நாட்டில் அரிசி குறையும்போதெல்லாம் இளவரசருக்குக் காதல் வந்துவிடும். கப்பல் வரவில்லை, களஞ்சியத்தில் எலிதான் மிச்சம் என்று துறைமுகத்தில் பேச்சுக் கிளம்பினால் போதும், "தம்பிக்கு இனி மனசு சஞ்சலப்படும் பாரு" என்று சுமைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் அரண்மனைக் குன்றிலிருந்து மஞ்சள் கொடி கட்டிய படகு இறங்கி வரும். அதில் காதல் வாரியத்தின் ஆட்கள் இருப்பார்கள்.

கடல் ஏறி வந்து பாதித் தீவுகளை விழுங்கிய பிறகு அந்த நாட்டில் குலம் கோத்திரமெல்லாம் கரைந்துபோயிற்று. தண்ணீர் உன் வீட்டில் எதுவரைக்கும் வருகிறதோ அதுதான் உன் குலம். குன்றின் மேல் உலர்ந்த குடி. அதற்குக் கீழே கணுக்கால் குடி, முழங்கால் குடி, இடுப்புக் குடி. எல்லாவற்றுக்கும் அடியில், கம்போங் பாயாவில், கழுத்துக் குடி. கடல் பொங்கும் நாளில் கழுத்துக் குடிக்காரர்கள் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு சமைப்பார்கள் என்று மேல்குடிகள் கேலி பேசும். கேலி என்ன கேலி, அப்படிச் சமைத்தவர்கள் உண்டு.

அந்தக் கம்போங் பாயாவில் மீன் அப்பளம் காயவைத்துப் பிழைத்தவள் செலாசி. தாயில்லாப் பெண். தகப்பன் படகோட்டி, முட்டிவலிக்காரன். அவள் மனசை ஒருவன் வைத்திருந்தான். கெலானா என்று பெயர். வீடுகளிலிருந்து தண்ணீர் இறைக்கிற பம்புகளைப் பழுது பார்ப்பவன். மனிதர்கள் பேசினால் தலையைச் சொறிவான். பம்பு முன்னால் குந்தி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டால், அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான். செலாசி அவனை 'அபாங்' என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கத்தில் கட்டிக்கப்போகிறவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மழை விட்டதும் அவன் வீட்டு வெற்றிலைத் தட்டு அவள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்து அவள் மென்றுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. வேண்டாம் என்றால் தட்டைக் கவிழ்த்துவிடுவாள், அதோடு இரண்டு வீட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

மழை விடுவதற்குள் மஞ்சள் படகு வந்துவிட்டது.

வாரியத் தலைவி புவான் கெசுமா ஐம்பதைத் தாண்டியவர். மரியாதைக்குப் புவான் என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள், வெறும் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. மஞ்சள் குடை அவர் தலைக்கு மேல் வர, அப்பளக் களத்தின் நடுவில் வந்து நின்றார். அப்பளங்களை மிதித்துக்கொண்டுதான் நின்றார். செலாசியை முகத்தைத் திருப்பச் சொன்னார், பக்கவாட்டில் பார்த்தார், மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"அழுதா மூக்கு செவக்குமா உனக்கு?"

"தெரியல புவான். அழுதுகிட்டே கண்ணாடி பாத்ததில்ல."

"பாத்துக்கலாம். இளவரசர் உன்னைக் காதலிக்கிறார்."

செலாசி திருதிருவென விழித்தாள். இளவரசர் தன்னைப் பார்த்ததே இல்லையே என்றாள். அது அடுத்த வாரம் என்றார் புவான். தனக்கு வெற்றிலை வருவதாக இருக்கிறது, பம்புக்காரக் கெலானா வீட்டிலிருந்து என்று இவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். புவானின் முகத்தில் லேசாக ஒரு கவலை வந்து உட்கார்ந்தது. வருவதாக இருக்கிறதா, வந்தாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றதும், நல்லவேளை, வந்திருந்தால் எங்கள் பாடு திண்டாட்டம்தான், ஏற்ற வெற்றிலையை மன்னரும் தொடமாட்டார் என்பது பழைய வழக்கமாயிற்றே என்று பெருமூச்சு விட்டார். நாளைக் காலையில் வருகிறேன், புறப்படத் தயாராக இரு என்று சொல்லிவிட்டு, படகில் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான், கம்போங் பாயா முழுக்கப் பற்றிக்கொண்டது. குன்றுக்காரி தன் வாயாலேயே வழியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் பாருங்கள் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். கெலானாவின் தாய் செபியா, ஊருக்கெல்லாம் 'மக் சிக்' என்கிற அத்தை, பாதி காய்ந்த பாவாடையை உடுத்திக்கொண்டு, இரவல் வாங்கிய பித்தளைத் தட்டோடு அந்திக்குள் வந்து நின்றாள். வெற்றிலைக் காம்புகள் உள்ளே பார்க்க அடுக்கி, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் முறையாக வைத்திருந்தாள். அவசரத்திலும் முறை தவறவில்லை. கெலானா புதுச் சட்டையில் வேர்த்து வழிந்தான். செலாசி இலையை எடுத்து மென்றாள். வாய் சிவந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அரண்மனைக்கே டிமிக்கி கொடுத்தாயிற்று என்று அவள் தகப்பன் வலிக்கிற முட்டியோடு ஓர் ஆட்டம்கூடப் போட்டான்.

முன்னால் குன்றுக்குப் போன பெண்களுக்கு வெற்றிலை ஆகியிருந்ததா என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவனுக்குக் கேள்வி வராது.

காலையில் புவான் வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். செலாசி கொஞ்சம் திமிராகவே நீட்டினாள்.

"அருமையா செவந்திருக்கு," என்றார் புவான். "ரொம்ப நன்றிம்மா. இது ஒண்ணுக்குத்தான் காத்திருந்தோம்." பிறகு கெலானாவையும் படகில் ஏற்றச் சொன்னார்.

குன்றின் மேல் எதையும் ஒளித்துப் பேசுகிற பழக்கம் கிடையாது. உலர்ந்த தரையில் நடக்கிறவர்களுக்கு எதற்கு ஒளிவுமறைவு? போன அன்றே புவான் செலாசியை உட்காரவைத்து, பழச்சாறு கொடுத்து, முக்கோணத்தை விளக்கினார். முதல் முனை இளவரசர். உச்சி முனை பெண். இரண்டாம் முனை ஏழைக் காதலன். தேர்வு நாளில் இரண்டு தட்டுகள் அவள் முன் வரும், இளவரசருடைய தங்கத் தட்டும் கெலானாவுடைய பித்தளைத் தட்டும். எதிலிருந்து இலை எடுப்பது என்பது முழுக்க முழுக்க அவள் விருப்பம். அதில் வாரியம் தலையிடவே தலையிடாது. இளவரசரைத் தேர்ந்தால், கலகக்காரர்கள் பாய்ந்து வருவார்கள், கெலானா குறுக்கே விழுந்து இளவரசரைக் காப்பாற்றிச் சாவான். கெலானாவைத் தேர்ந்தால், இளவரசர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பார், கல்யாண ஊர்வலத்தில் கலகக்காரர்கள் பாய்ந்து வருவார்கள், கெலானா சாவான், இளவரசர் அவளுக்கு ஆறுதலாக அமைவார்.

"ரெண்டுலயும் அவன் சாகறானே புவான்," என்றாள் செலாசி.

"ஆமா. ஆனா தேர்வு உன்னோடது."

அப்புறம் புவான் அன்பாகவே சொன்னார். வெற்றிலை ஆகாத பையன் வெறும் பையன், செத்தால் ஒரு பிணம், அவ்வளவுதான். வெற்றிலை ஆனவன் செத்தால் ஊரே உறவு, ஊரே ஓர் ஆண்டு துக்கம் காக்க வேண்டும், அது நாம் உண்டாக்கிய வழக்கமா, பாட்டன் பூட்டன் வழக்கம். "துக்க வீட்டுல உக்காந்து சோறு பத்தலன்னு கேக்கறவன் உண்டாம்மா? நம்ம ஜனங்க மானஸ்தங்க. ஒரு வருஷம் அரை வயித்துக்குச் சாப்பிட்டு அழுவாங்க. பசியில அழறதுக்கும் துக்கத்துல அழறதுக்கும் கண்ணீர் ஒண்ணுதானே? நாங்க அதுக்கு ஒரு மரியாதை பண்ணித் தர்றோம், அவ்வளவுதான். அதுக்காக வற்புறுத்தி ஒரு பையனுக்கு வெத்தலை கட்டிவைக்க முடியுமா சொல்லு? அது பாவம். நீங்களா ஆசைப்பட்டு ஏத்துக்கணும்."

செலாசி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள், தன் வாய் சிவந்ததுதான் அவனுடைய சாவு என்று. நாக்கைச் சுரண்டிச் சுரண்டி வழித்தாள். வெற்றிலைச் சாயம் போயிற்று, வேறொன்றும் ஆகவில்லை.

இளவரசர் இந்திர மக்கோத்தாவுக்கு வயது பதினெட்டு. முப்பத்தைந்து வருஷமாகப் பதினெட்டு. மன்னர் தொண்ணூறைத் தாண்டியும் கட்டிலை விட்டு எழவும் இல்லை, உயிரை விடவும் இல்லை. கிழட்டு இளவரசர் என்றால் நாட்டுக்குக் கேவலம் என்று, முடிசூடும்வரை அவருக்கு வயது பதினெட்டுதான் எனச் சட்டம் போட்டுவிட்டார்கள். தெருத் திரைகளில் காட்டும்போது மஞ்சள் குடையின் நிழல் அவர் முகத்தில் விழும்படி பார்த்துக்கொள்வார்கள். அரண்மனைத் தோட்டத்தில் முதல் சந்திப்புக்குச் செலாசியை நிறுத்தியபோது, இரண்டு ஆட்கள் கைத்தாங்கலாக அவரைக் கொண்டுவந்து மரத்தடியில் சாய்த்துவிட்டுப் போனார்கள். ஒளிப்பதிவுக்காரர்கள் படமெடுத்து முடித்துத் தள்ளிப் போனதும், இளவரசர் மெல்லிய குரலில் கேட்டார்.

"முட்டிக்கு எண்ணெய் தேய்க்கத் தெரியுமாம்மா?"

"தெரியும், இளவரசே. எங்கப்பாவுக்குத் தேய்ப்பேன்."

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு."

இளவரசர் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். "சின்ன வயசுதான்," என்றார்.

நல்ல மனுஷர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. செலாசி முட்டியைத் தேய்த்துக்கொண்டே, கெலானாவை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். இளவரசரின் கண்ணே கலங்கிவிட்டது. "நான் சொன்னா யாரும்மா கேக்கறாங்க? பதினெட்டு வயசுப் பையன் நான். பெரியவங்க முடிவுல மூக்கை நுழைக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு," என்றார். பிறகு இடது முட்டியையும் நீட்டினார்.

கலகப் பிரிவு வாரியக் கட்டடத்தின் பின்கட்டில் இருந்தது. கலகக்காரர்களுக்கு மாதச் சம்பளம், ஆண்டுக்கு ஒரு தடவை வேலை, மதியம் தேநீர். கலகத் தலைவர் பொறுமையான பெரியவர். கறுப்புத் துணி உடம்பில் அரிக்கிறது, பருத்தியில் கொடுங்கள் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கெலானாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி, இடது விலாவில் விரலை வைத்துப் பார்த்து, "வெள்ளைச் சட்டை போட்டுக்கோங்க தம்பி. மத்த நெறத்துல ரத்தம் தெரியறதில்ல," என்று சொல்லிக்கொடுப்பதைச் செலாசி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். கெலானா அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியெடுத்தான். வெளிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரத்தில் கதவு திறந்திருந்தால் ஓடியிருப்பான். பாவம், அப்போது அவன் அவனாக இருந்தான்.

அப்புறம் பயிற்சி தொடங்கியது. தலைமுடியை வாரிவிட்டார்கள். கழுத்துக் குடிக்காரன் நிமிர்ந்து நிற்பது எப்படி என்று ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார், கடலைப் பார்ப்பது எப்படி என்று இன்னொருவர். தெருத் திரைகளில் அவன் முகம் வந்தது. அவன் பெயரில் பாட்டு வந்தது. இடுப்புக் குடிப் பெண்கள் சேர்ந்து கெலானா கண்ணீர்ச் சங்கம் என்று ஒன்று வைத்து, வாரா வாரம் கூடி, அவன் சாகும் நாளுக்காக அழுது பழகினார்கள். யாராவது கெட்டிக்காரி நன்றாக அழுதால் அவளைக் குன்றுக்குக் கூட்டிவந்து அவனைத் தொட்டுப்பார்க்க விடுவார்கள். மந்திரிகள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பம்பு ஓடினால் யார் பம்புக்காரனைக் கூப்பிட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்? பிறந்ததிலிருந்து ஒருத்தரும் அவனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை, இப்போது நாடே பார்த்தது. தலையைச் சொறிகிற பழக்கம் அவனை விட்டுப் போயிற்று.

மக் சிக் செபியாவுக்குக் கணுக்கால் குடியில் வீடு கொடுத்தார்கள். உயரமான கால்கள் வைத்த, ஓடு போட்ட வீடு. மகனுடைய அன்பைப் பாராட்டி என்று பலகை மாட்டியிருந்தார்கள். வீட்டைப் பார்க்கச் செலாசியைத் திரைக்காரர்களோடு கூட்டிப் போனபோது, கிழவி ஒரு வெள்ளைத் துக்க உடையை மடியில் வைத்து இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மக் சிக், அபாங்கைக் காப்பாத்தணும்," என்று செலாசி அவள் காதோரம் சொன்னாள்.

"காப்பாத்தணும்தான்டி," என்றாள் செபியா. ஊசியைப் பல்லில் கடித்தபடி, காலுக்குக் கீழே இருந்த காய்ந்த தரையைப் பார்த்தாள். "நாப்பது வருஷம் தண்ணியில நின்னு காலு அழுகிப்போச்சு. இப்பத்தான் ஆறுது." பிறகு அவள் அழுதாள். உண்மையாகவே அழுதாள், ஆனால் தைப்பதை நிறுத்தவில்லை.

செலாசிக்கு இருந்தது ஒரே ஒரு வழி. அதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, கம்போங் பாயாவின் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். தட்டைக் கவிழ்ப்பது. தங்கத் தட்டிலிருந்து இலையை எடுப்பதா, பித்தளையிலிருந்து எடுப்பதா என்றுதான் வாரியம் பேசிக்கொண்டிருந்தது. கெலானாவின் தட்டை நாடு பார்க்கக் கவிழ்த்துவிட்டால் ஏற்ற வெற்றிலை ஏற்காத வெற்றிலை ஆகிவிடும். அவன் இரண்டாம் முனை இல்லை, யாரும் இல்லை. யாரும் இல்லாதவனைக் கொன்று என்ன பயன்? ஒரு நாள் துக்கம்கூடக் கிடைக்காது. அவன் தலைகுனிந்து படகேறிப் போய்விடலாம். அவளைக் காறித் துப்பிக்கொண்டு எழுபது வயசு வரைக்கும் பம்பு பழுது பார்க்கலாம். அது போதும் அவளுக்கு.

இதை அவனிடம் சொல்லத்தான் வழியில்லை. வாரியம் அவர்களுக்குத் திருட்டுச் சந்திப்பு ஏற்பாடு செய்திருந்தது, ஆனால் எதிரில் மூன்று ஒளிப்பதிவுக் கருவிகள், பக்கத்தில் புல்லாங்குழல்காரர், சுவரோரம் சீட்டு வாங்கிய பார்வையாளர்கள். செலாசி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அபாங், அன்னிக்கு நான் என்ன செஞ்சாலும் கோவப்படு. கோவப்பட்டுப் போயிடு. திரும்பிப் பாக்காம போயிடு. எங்க வீட்டுப் பம்பு சத்தம் போடுதாம், அதைப் போய்ப் பாரு."

கெலானா அவளைப் பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பம்பு என்ற சொல்லுக்கு அவன் தலை பழையபடி சாய்ந்தது. அதற்குள் குழல்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவன் முகத்தை வெளிச்சம் இருக்கும் பக்கம் திருப்பிக்கொண்டு, "கடல் வற்றினாலும் என் காதல் வற்றாது," என்றான். சுவரோரம் பெண்கள் விசும்பினார்கள்.

தேர்வு நாள் வந்தது. எல்லாக் குடிகளும் குன்றின் அடிவாரத்தில் கூடின. கழுத்துக் குடிக்கு மட்டும் தண்ணீரில் நிற்க இடம் ஒதுக்கியிருந்தார்கள், பழக்கமானவர்கள் ஆயிற்றே. புவான் கெசுமா மேடையேறி, நாட்டில் அரிசி குறையலாம், அன்பு குறையக்கூடாது என்று பேசினார். மற்ற நாடுகளில் மக்களுக்கு உணவு கொடுத்து அவர்களைக் கொச்சைப்படுத்துகிறார்கள், நமது மன்னர் அதைச் செய்யமாட்டார் என்றார். பலத்த கைதட்டல். இளவரசர் குடை நிழலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் கலகக்காரர்கள் உடம்பைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

இரண்டு தட்டுகள் வந்தன. பித்தளைத் தட்டு அன்றைக்கு மக் சிக் செபியா இரவல் வாங்கிவந்த அதே தட்டு. வாரியம் எதையும் மறப்பதில்லை. செலாசி முன்னால் போனாள். தங்கத் தட்டை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஓங்கிக் கவிழ்த்தாள்.

பாக்குகள் மேடையெங்கும் உருண்டன.

"இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல," என்று எல்லாக் குடிகளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இவன் எனக்கு யாருமில்ல."

கண்ணீர்ச் சங்கத்தில் ஒருத்தி பாதி அழுகையில் நிறுத்திவிட்டாள். கலகத் தலைவர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்து, புவானைப் பார்த்தார். புவான் அசையவில்லை. யாருமில்லாதவனைக் கொல்ல எந்தப் பிரிவிலும் இடமில்லை. கெலானா மேடை நடுவில் வெள்ளைச் சட்டையோடு நின்றான். இடது பக்கம் படிக்கட்டு. படிக்கட்டுக்குக் கீழே படகு. ஒருத்தரும் அவனைத் தடுக்கவில்லை. இறங்கிப் போக வேண்டியதுதான். போ, போயிடு, உன் காலில் விழுகிறேன் போயிடு என்று செலாசி மனசுக்குள் அடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அன்பு தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கெலானா குனிந்தான்.

தட்டை நிமிர்த்தி வைத்தான். ஒவ்வோர் இலையாகப் பொறுக்கினான், சட்டையில் துடைத்தான், காம்பு உள்ளே பார்க்க அடுக்கினான். ஒரு பாக்கு இளவரசரின் நாற்காலிக்கு அடியில் போயிருந்தது. விழித்துக்கொண்ட இளவரசர் நல்ல மனசோடு அதைக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். கவிழ்த்த வெற்றிலையை எடுத்து அடுக்குபவனுக்கு மானம் போகும், ஆனால் உறவு போகாது. அதுவும் வழக்கம்தான். வேறு எவனும் செய்ததில்லை என்பதால் செலாசி அதை யோசிக்கவில்லை.

அவன் அவளைப் பார்த்தபோது பயிற்சியெல்லாம் போய்விட்டது. கண் சிவந்து, உதடு துடித்து, பழைய கெலானாவாக இருந்தான்.

"நீ என்னை வேணாம்னு சொல்லலாம் செலாசி," என்றான். "யாருமில்லன்னு சொல்லக்கூடாது. இருவத்திரெண்டு வருஷம் நான் யாருமில்லாமத்தான் இருந்தேன்."

ஊரே அலறியது. அப்படியொரு ஆரவாரத்தை எந்த இரண்டாம் முனையும் கேட்டதில்லை. கலகக்காரர்கள் நேரத்துக்குப் பாய்ந்து வந்தார்கள். வெள்ளைச் சட்டையில் ரத்தம் நன்றாகவே தெரிந்தது. செலாசி ஓடிப் போய் அவன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவனுக்கென்று எழுதிக்கொடுத்திருந்த கடைசி வசனத்தை அவன் மறந்துபோயிருந்தான்.

"சரியா விழுந்தேனா?" என்று கேட்டான்.

"சரியா விழுந்தே அபாங்," என்றாள் அவள். அதற்குப் பதில் வரவில்லை.

துக்க ஆண்டு சிறப்பாக நடந்தது. ஒருத்தரும் சோறு கேட்கவில்லை. கம்போங் பாயாவில் சில கிழடுகளும் பச்சைக் குழந்தைகளும் துக்கம் தாங்காமல் இறந்தார்கள் என்று வாரியம் அறிவித்தது. செலாசியின் தகப்பனும் அப்படித்தான் துக்கம் தாங்காமல் போனான், கடைசிப் பத்து நாள் வெறும் கஞ்சித் தண்ணி. அவள் இளவரசரை மணந்தாள், முட்டிக்கு எண்ணெய் தேய்த்தாள். அழும்போது அவளுக்கு மூக்கு சிவந்தது. அது திரையில் எடுப்பாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு அவளுக்குப் பத்தொன்பது வயது ஆயிற்று. பதினெட்டு வயது இளவரசருக்குத் தன்னைவிட மூத்த மனைவி இருப்பது முறையல்ல என்பதால், வழக்கப்படி அவளுக்கு ஓய்வு கொடுத்து வாரியத்தில் வேலையும் கொடுத்தார்கள். புவான் கெசுமா தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதே பழச்சாறு.

"எல்லாருக்கும் முன்னாடி நான்தான். முதல் முக்கோணத்து உச்சி முனை," என்றார். "நானும் கழுத்துக் குடிதான். கம்போங் பாயாக்குப் பக்கத்துத் திட்டு."

செலாசி நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் தட்டைக் கவுத்தேன். நீ கவுத்த அன்னிக்கு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, தெரியுமா? என் ஆளு இலையைப் பொறுக்கி அடுக்கல. கோவமா என்னைப் பாத்தான், துப்பினான், படகேறிப் போயிட்டான். இன்னிக்கும் உயிரோட இருக்கான். துறைமுகத்துல கருவாடு விக்கறான், பேரன் பேத்தி எடுத்துட்டான். என் படகு போனா முதுகைத் திருப்பிக்குவான்." புவான் சாற்றை ஒரு மிடறு குடித்தார். "அந்த வருஷம் துக்கமே இல்லாமப் போச்சு. ஜனங்க களஞ்சியத்தை உடைச்சாங்க. பெரியவங்களெல்லாம் என்னைக் கேட்டாங்க, எங்கம்மா தப்பு நடந்துச்சுன்னு. நான்தான் யோசிச்சுச் சொன்னேன். பையன் சும்மா இருக்கறதாலதான் போயிடறான். அவனைப் பெரிய ஆளாக்குங்க. பாட்டுப் போடுங்க, கையைக் குலுக்குங்க, நாலு பொண்ணுங்களை அழவிடுங்க. அப்புறம் கதவைத் திறந்து வெச்சாலும் போகமாட்டான்னேன். பயிற்சிங்கறது அப்படித்தான் வந்துச்சு."

செலாசிக்கு அந்த அறையிலிருந்த எதையாவது எடுத்து அவர் மண்டையில் போட வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. புவானின் முகத்தில் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை. வேலை தெரிந்தவர் வேலையைப் பற்றிப் பேசுகிற முகம்.

"ஓய்வு பெற்று வர்ற ஒவ்வொருத்தியும் ஒரு யோசனை சொல்லிட்டுத்தான் சேருவா. அதனாலதான் நம்ம அமைப்பு இவ்வளவு கச்சிதமா இருக்கு. வெளியாளுக்கு இந்த ஓட்டையெல்லாம் தெரியுமா? பட்டவளுக்குத்தான் தெரியும். இப்ப உன் முறை. எங்க ஓட்டை இருக்கு, சொல்லு."

செலாசி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே துறைமுகத்தில் ஆட்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரிசிக் கப்பல் வரவில்லை போலிருக்கிறது. கம்போங் பாயாவின் களத்தில் யாரோ ஒரு பெண் குனிந்து அப்பளம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் தட்டைக் கவிழ்ப்பாள். கவிழ்த்துவிட்டு, அவன் படிக்கட்டு இறங்குவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். நான் சாகும்வரை அந்த ஒரு கணத்திலேயே நின்றுகொண்டிருப்பேன், அவளும் நிற்பாள் என்று செலாசிக்குத் தோன்றியது.

"தட்டைப் பலகையோட சேத்து ஆணியடிச்சிருங்க புவான்," என்றாள்.

"ஏன்மா?"

"கவுத்தா பொழச்சிருவான்னு இன்னொருத்தி நெனச்சிரக்கூடாது."

புவான் கெசுமா எழுந்து வந்து, பெற்ற தாய்போல அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். இதைவிட நல்ல யோசனை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார். அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தச்சர் பித்தளைத் தட்டை மேசைப் பலகையில் வைத்து, ஆணியை நடுவில் நிறுத்தி, சுத்தியலை ஓங்கிவிட்டு நிறுத்தினார்.

"தட்டுல ஓட்டை விழுமே புவான், பரவால்லியா?" என்று செலாசியைப் பார்த்துக் கேட்டார். அவளைப் புவான் என்று அழைத்த முதல் ஆள் அவர்தான்.

"அடிங்க," என்றாள் செலாசி. "வெத்தலை வெச்சா மறைஞ்சிரும்."